முதல் பெட்டி, இரண்டாம் பெட்டி

மார்ச் 3, திங்கள்

எதிர் வீட்டில் சாவு. ஃப்ரீசர் பெட்டி சேலத்திலிருந்து வந்து இறங்கியது.

எங்கள் கடைக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு தெரு அகலம்தான். கடை வாசலில் அப்பா காலத்துப் பலகை இன்னும் தொங்குகிறது: 'குளிர்சாதனப் பெட்டி, சாமியானா, நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும்.' எங்கள் பெட்டிகள் இரண்டும் உள்ளே சும்மா கிடந்தன. நான் தெருவில் நின்று சேலத்து வண்டிக்காரனுக்கு ரிவர்ஸ் பார்த்துச் சொன்னேன். வா, வா, ஒடி, நிறுத்து. வேறு என்ன செய்ய?

செத்தவரின் மகன் என்னோடு பத்தாவது வரை படித்தவன். பெங்களூரில் இருக்கிறான். என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "கார்ல வரும்போதே போன்ல தேடினேன்டா நவநீ. நம்ம ஊர் பேரைத்தான் போட்டேன். சேலத்துக்காரன் நம்பர் வந்துச்சு. உன் ஞாபகமே வரல மச்சி."

அப்பன் செத்த அன்றைக்கு ஒருவனோடு சண்டை போட முடியாது. "பரவால்ல விடு. எப்ப எடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மாசி பிறந்ததிலிருந்து ஊருக்குள் விழுந்த சாவு ஒன்றுகூட எங்களுக்கு வரவில்லை. காலனியிலிருந்து ஒன்று வந்தது. அதற்கு இரண்டாம் பெட்டி போனது.

பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்ததிலிருந்து அப்பாவுக்குக் கட்டில்தான் உலகம். சங்குச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. "எதிர்ல எந்தப் பெட்டி போட்ட?" என்றார்.

"முதல் பெட்டி" என்றேன்.

மார்ச் 5, புதன்

சிலிண்டருக்குப் பதிந்தேன். அப்பாவின் மாத்திரை வாங்கினேன். வெப்சைட் செய்ய ஆள் தேடினேன்.

முதலில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் தேன் மாதிரி பேசினாள். "உங்க பிராண்டோட கனவு என்ன சார்?" என்றாள். "செத்தவங்க நாறாம இருக்கணும்" என்றேன். வைத்துவிட்டாள்.

நான் படித்தது மெக்கானிக்கல். ஓசூரில் காண்ட்ராக்டில் மாடு மாதிரி உழைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை வர வேண்டாம் என்று வாட்ஸப்பில் செய்தி அனுப்பினார்கள். திரும்பி வந்தேன். இந்த நாட்டில் எந்தத் தொழில் படுத்தாலும் சாவுத் தொழில் படுக்காது என்று நினைத்திருந்தேன். அதையும் எவனோ போனுக்குள் போட்டுப் பூட்டிவிட்டான்.

ஜெராக்ஸ் கடை கண்ணாடியில் ஒரு கார்டு ஒட்டியிருந்தது. 'திலகவதி, பி.சி.ஏ. சிறு தொழில்களுக்கு வெப்சைட் செய்து தரப்படும். ஆத்தூர், போட்டோ ஸ்டூடியோ மாடி.' பேசினேன். என்ன தொழில் என்று சொன்ன பிறகும் வைக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். ஊர்ப் பேரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "சரிண்ணா, ஞாயித்துக்கெழம வரேன்" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்கூட்டியில் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். கேமராவை எடுத்துக்கொண்டு நேராக இரண்டாம் பெட்டிக்குப் போனாள். அதன் கண்ணாடி மூலையில் ஒரு கீறல், மேலே பழுப்பு டேப் ஒட்டியிருக்கும். டேப்பை விரலால் தடவினாள்.

"இந்த டேப் இன்னும் இருக்கா?"

"கண்ணாடி மாத்தணும். ஆள் வரல."

'இன்னும்' என்றாள். முதல் தடவை பார்க்கிற பொருளை எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும்? சிலர் பேச்சே அப்படி.

"ரெண்டு பெட்டிக்கும் என்னண்ணா வித்தியாசம்?"

"இது புதுசு, அது பழசு."

"யாருக்குப் புதுசு, யாருக்குப் பழசு?"

"எது கைக்கு வருதோ அது."

வண்டி ஓட்டுகிற பூபதி பக்கென்று சிரித்துவிட்டான். முறைத்தேன். டயர் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

என் முகமும் வெப்சைட்டில் வர வேண்டுமாம், அப்போதுதான் நம்பிக்கை வருமாம். சாவுத் தொழிலுக்கு எப்படி நிற்பது என்று தெரியவில்லை. "சிரிக்காதீங்க, அழவும் வேணாம். கரண்ட் பில் கட்டப் போற மூஞ்சி போதும்" என்றாள். பூபதி மறுபடி சிரித்தான். நானும்தான்.

சொந்த ஊர் எது என்று கேட்டேன். "இந்தப் பக்கம்தாண்ணா." எந்தப் பக்கம் என்று கேட்பதற்குள் அவளுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே கிளம்பிவிட்டாள்.

மார்ச் 15, சனி

வெப்சைட் வந்துவிட்டது. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் சேலத்துக்காரனுக்கு மேலே நான் நிற்கிறேன், கரண்ட் பில் மூஞ்சியோடு.

நன்றாகச் செய்திருக்கிறாள், ஒத்துக்கொள்ள வேண்டும். செத்தவர் பெயர், தெரு, எப்போது எடுப்பார்கள், அவ்வளவுதான் கேட்கிறது. எந்தப் பெட்டி காலியோ அதை அதுவாகவே ஒதுக்கி, பூபதியின் போனுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. பெட்டி இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுகிறது. 'முதல் பெட்டி: கடையில்.' 'இரண்டாம் பெட்டி: கடையில்.' துக்க வீட்டுக்காரன் வண்டி எங்கே, வண்டி எங்கே என்று தவிக்கக் கூடாதாம். சேலத்துக்காரனிடம் இது கிடையாது.

அப்பாவிடம் காட்டினேன். கோணிய வாயோடு வெகுநேரம் பார்த்தார். "இதுல ஊர் எது, காலனி எதுன்னு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"ரெண்டாவது பெட்டி வாங்கினதே அதுக்குத்தானடா."

வியாபாரம் பெருகி வாங்கியதல்ல அந்தப் பெட்டி. அப்பாவுக்கு அன்றைக்கு ஊர் சொன்னது, அப்பா வாங்கினார். பலகையில் எழுதவில்லை, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பால்காரனுக்குக்கூடத் தெரியும். நான் ஆரம்பித்த பழக்கமல்ல. எனக்கு இதில் நம்பிக்கையும் இல்லை. ஓசூரில் எல்லோரோடும் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். கடை ஓசூரில் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

முதல் ஆர்டர்! பக்கத்து ஊர். முதல் பெட்டி போனது.

மார்ச் 22, சனி

இரண்டு பெட்டியும் வெளியே. சாமியானாவும் போயிற்று, நாற்காலிகளும் போயின. கடை காலியாக இருப்பதைப் பார்க்க இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று தெரியாது. மனிதர்கள் செத்ததற்குச் சந்தோஷப்படுகிறேன் என்பதும் தெரிகிறது. டாக்டரும் அப்படித்தானே.

மார்ச் 27, வியாழன்

அப்பாவை ஸ்கேனுக்குச் சேலம் கூட்டிப் போயிருந்தேன். உள்ளே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்து பார்த்தால் நாற்பது அழைப்பு.

காலனியில் ஒரு பெரியவர் செத்திருக்கிறார். திருப்பூரிலிருக்கும் மகன் போனிலேயே பதிந்திருக்கிறான். இரண்டாம் பெட்டி வேறு ஊரில் இருந்தது. வெப்சைட் முதல் பெட்டியை ஒதுக்கிவிட்டது. பூபதி கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

"நீ ஒரு வார்த்தை கேக்க மாட்டியாடா?"

"நாலு தடவ அடிச்சேன், நீ எடுக்கல. போன்ல முதல் பெட்டின்னு வந்துச்சு, அட்ரஸும் வந்துச்சு. கம்ப்யூட்டரே சொல்லுதேன்னு ஏத்திட்டேன்."

அதோடு போயிருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது. வெப்சைட்டில் பச்சை எழுத்தில் நிற்கிறது: 'முதல் பெட்டி: காலனி, மாரியம்மன் கோயில் பின்புறம்.' அதைப் படம் பிடித்து எவனோ ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். கீழே ஒருத்தனும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால் கேஸ் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். வெறும் படம்.

என் பெருமையான பச்சை எழுத்து.

மார்ச் 28, வெள்ளி

பிரசிடெண்ட் ராமலிங்கம் வந்தார். இரண்டு தேர்தல் தோற்றும் ஊருக்கு இன்னும் அவர்தான் பிரசிடெண்ட். கூட மூன்று பேர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நவநீதா, நாங்க யாரையும் தாழ்த்திப் பேசல. காலம் மாறிடுச்சு, எங்களுக்கும் தெரியும். ஆனா எங்கம்மா இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கறா. அவளக் கொண்டாந்து அந்தப் பெட்டியில வெக்கச் சொல்றியா?"

"கழுவிதாங்கய்யா எப்பவும்..."

"உங்கப்பன் இத்தன வருசத்துல ஒரு நாள் தப்பு பண்ணதில்ல. நீ இஞ்சினியரு."

பின்னால் நின்றவன் ஒருவன், "கம்ப்யூட்டர் மேல பழி போடுவாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மனசுக்குள் நான் சொன்னதை இங்கே எழுதினால் தாள் கிழிந்துவிடும். வாயால் சொன்னது: "இனிமே நடக்காதுங்கய்யா."

மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவு, கோமியம் தெளி, கொஞ்ச நாள் போகட்டும், பார்ப்போம் என்றார்கள். கழுவினேன். உள்ளே வைத்துக் கழுவவில்லை, தெருவில் இழுத்துப் போட்டுக் கழுவினேன். எல்லோரும் பார்க்க வேண்டுமே. காலனிப் பெண்கள் இரண்டு பேர் நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியோடு அந்த வழியாகப் போனார்கள். அவர்களும் பார்த்தார்கள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆத்தூர் போனேன். ஸ்டூடியோ மாடியில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், தலையாட்டுகிற டேபிள் ஃபேன். திலகவதிக்கு விஷயம் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"ரெண்டு மாத்தணும்மா. பெட்டி எங்க இருக்குன்னு காட்டக் கூடாது. அப்புறம், யாருக்கு எந்தப் பெட்டின்னு அதுவா ஒதுக்கக் கூடாது. பிரிச்சு ஒதுக்கணும்."

"முதல்ல சொன்னது இப்பவே எடுத்துடறேன். பிரிக்கறதுக்கு ஒரு விதி வேணுமே. எதை வச்சுப் பிரிக்கட்டும்?"

"தெருவை வச்சு."

"எந்தத் தெரு?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ணா. கம்ப்யூட்டருக்குத் தெரியாது." ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் தள்ளினாள். "நீங்க எழுதிக் குடுங்க. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே அடிச்சிடறேன்."

எழுத உட்கார்ந்தேன். 'ஊர்' என்று எழுதி அடித்தேன். 'முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு' என்று எழுதி அடித்தேன். இத்தனை வருடம் ஊரே செய்கிற ஒரு காரியத்துக்கு எழுத ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில் 'டீலக்ஸ், சாதா' என்று எழுதிக் கொடுத்தேன்.

படித்தாள். "காலனியிலேருந்து ஒருத்தர் டீலக்ஸ் கேட்டா?"

"இல்லன்னு சொல்லிடுவேன்."

"அப்ப அதை நீங்களே கையால பண்ணிக்குங்க. நான் ரெண்டு பட்டன் வச்சுத் தரேன். 'பழுது'ன்னு ஒண்ணு, நெஜமாவே ரிப்பேர்னா அழுத்துங்க. 'மறை'ன்னு ஒண்ணு, அழுத்தினா அந்தப் பெட்டி வெப்சைட்லயே தெரியாது. திரும்பக் காட்டணும்னா ஏன் மறைச்சீங்கன்னு ஒரு கட்டம் கேக்கும். காரணம் எழுதினாத்தான் தெறக்கும். எழுதறது வெப்சைட்ல வரும்."

"அது எதுக்கு?"

"நேத்து இல்லாத பெட்டி இன்னிக்கு எப்படி வந்துச்சுன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடவில்லை. பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, இனிமேல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றாள். வெப்சைட்டுக்குப் பணம் கொடுக்க வந்த அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தவள் இந்தத் தடவை தண்ணீர்கூட எடுத்துத் தரவில்லை. நாலு எழுத்து கம்ப்யூட்டர் தெரிந்துவிட்டால் வருகிற திமிர்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மேலத் தெருவில் சாவு. சேலத்துப் பெட்டி வந்தது.

யோசித்தால் தலை வெடிக்கிறது. சேலத்துக்காரனிடம் இருக்கிற பெட்டிகள் இந்த மாவட்டத்தில் போகாத வீடு உண்டா? எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த ஆஸ்பத்திரி மார்ச்சுவரி? அதை எவனும் கேட்பதில்லை. தெரியாத பெட்டி சுத்தம். தெரிந்த பெட்டி தீட்டு. இதைப் போய் எவனிடமாவது சொல்லலாம். சொன்னால் சேலத்துக்காரனும் வர மாட்டான், நானும் இருக்க மாட்டேன்.

ஏப்ரல் 12, சனி

பூபதி நின்றுவிட்டான். சேலத்துக்காரன் இந்தப் பக்கத்துக்கு ஒரு வண்டியை நிரந்தரமாக விடப்போகிறானாம், அதற்கு ஓட்டுகிறானாம். "தப்பா நெனைக்காதண்ணா. வண்டி ஓடினாத்தான எனக்குச் சோறு" என்றான். தப்பாக நினைக்கவில்லை. அவன் போனதும் சாமியானாக் கம்பியை ஓங்கிச் சுவரில் அடித்தேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாம் பெட்டியில் கேஸ் இறங்கிவிட்டது, குளிரவில்லை. முதல் பெட்டி நன்றாக இருக்கிறது. தினமும் துடைத்து, பிளக் போட்டுப் பார்த்து, அணைக்கிறேன். பிரசிடெண்ட் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று கேள்வி. அந்த ஒரு சாவு என் கடையிலிருந்து போய்விட்டால் ஊர் திரும்பி வந்துவிடும். தினமும் காலையில் அந்தக் கிழவியைப் பற்றி விசாரிக்கிறேன். அக்கறையாகத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது போனில் மணி அடித்தது. புக்கிங்.

இறந்தவர்: அங்கமுத்து. இடம்: காலனி. பதிந்தவர்: மகள் திலகவதி.

இந்தப் பக்கம்தாண்ணா என்றாளே.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இட்லித் தட்டில் பாதிக் குழி காலி. வெப்சைட்டில் முதல் பெட்டி 'காலி' என்று இருந்தது. வாசலில் பிரசிடெண்ட் வீட்டுக்கு டாக்டர் வண்டி போயிற்று. அழுத்தினேன். வெப்சைட்டில் பெட்டி இல்லாமல் போயிற்று. பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

"திலகா, கேள்விப்பட்டேன்மா. மனசே சரியில்ல. ரெண்டாவதுல கேஸ் இல்ல. முதல் பெட்டி நேத்துதான் கம்ப்ரஸர் போச்சு..."

பின்னால் பெண்கள் அழுவது கேட்டது. அவள் குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"ரிப்பேர்னா 'பழுது' அழுத்தச் சொன்னேன்லண்ணா. நீங்க 'மறை' அழுத்தியிருக்கீங்க."

"கை தவறி..."

"சரிண்ணா."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"எங்கண்ணன் கெணத்துல விழுந்து செத்தப்ப உங்க ரெண்டாம் பெட்டிதான் வந்துச்சு. அப்பவே கண்ணாடி உடைஞ்சிருந்தது. அவன் மொகத்துல ஈ உக்காருதுன்னு எங்கப்பாதான் டேப் வாங்கியாந்து ஒட்டினாரு. அந்த டேப்தான் இன்னும் இருக்கு."

அப்போது வைத்தாள்.

இட்லி வெந்தது. அப்பாவுக்கு ஊட்டினேன். உப்பு போட மறந்திருக்கிறேன். அவர் முழுவதும் சாப்பிட்டார்.

மத்தியானம் காலனியிலிருந்து பறைச் சத்தம் வந்தது. சேலத்து வண்டி கடையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. ஓட்டியது பூபதி. ஹாரன் அடிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பிரசிடெண்ட் அம்மா செத்துவிட்டார். பன்னிரண்டு மணி இருக்கும். சட்டை மாற்றினேன், பெட்டிக்குப் பிளக் போட்டேன், பொறியாளன் மாதிரி தெர்மாமீட்டர்கூட வைத்துப் பார்த்தேன். போன் வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பூபதியின் வண்டி காலனிப் பக்கமிருந்து வந்தது. கடையைத் தாண்டியது. நேராகப் பிரசிடெண்ட் வாசலில் போய் நின்றது.

மாலை வாங்கிக்கொண்டு போனேன். போகாமல் இருக்க முடியாது. பூபதி வேப்ப மரத்தடியில் வண்டியில் சாய்ந்து நின்றான். அருகில் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "கழுவினியாடா?"

"எங்க நேரம்? அங்க சுடுகாட்டுக்கு எடுத்த உடனே போன். கிட்டக்க இருக்கற வண்டி நீதான், போன்னான். துணியால ஒரு தொடை தொடைச்சேன்." வண்டியைத் தட்டிக்கொண்டே சொன்னான். "திலகா அப்பாவ நல்லாத்தான் வச்சிருந்தோம்ணா. நல்ல பெட்டி."

உள்ளே கூடத்தில் பெட்டி. கிழவி பட்டுப்புடவையில், சின்னப் பிள்ளை மாதிரி படுத்திருந்தார். கண்ணாடியின் கீழ் விளிம்பில், ரப்பருக்குள், ஒரு செவ்வந்தி இதழ் மாட்டியிருந்தது. இந்த வீட்டில் எல்லாம் ரோஜா மாலை, சம்பங்கி மாலை. செவ்வந்தி இல்லை.

பிரசிடெண்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையாகவே அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்: "மனசுல வச்சுக்காத நவநீதா. எங்கம்மா காலம் பூரா ஆசாரமா இருந்தவ. பாரு, வெளியூர்ப் பெட்டி, எவ்வளவு சுத்தமா இருக்கு."

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு ஒரு வார்த்தை போதும். ஒரே வார்த்தையில் அந்தக் கூடத்தையே எழுப்பி வெளியே ஓட வைத்திருக்கலாம். பூபதியின் வேலை போயிருக்கும், சேலத்துக்காரன் போயிருப்பான், நானும் போயிருப்பேன். திலகாவின் அப்பா பெயரை அங்கே வைத்து அசிங்கப்படுத்தியிருப்பார்கள். இவ்வளவும் யோசித்துத்தான் சும்மா இருந்தேன் என்று எழுதலாம். யோசிக்கவில்லை.

"ஆமாங்கய்யா" என்றேன். மாலையை வைத்துவிட்டு, விளிம்பிலிருந்த இதழை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டேன். "பிரசிடெண்ட் வீட்டுக்கு எந்தப் பெட்டி போட்ட?" என்று கேட்டார்.

"முதல் பெட்டி" என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். வெப்சைட்டில் என் முகம் மட்டும் இருக்கிறது. இரண்டாம் பெட்டி பழுது. முதல் பெட்டி இல்லவே இல்லை. சேலத்துக்காரன் மறுபடி எனக்கு மேலே போய்விட்டான். பெட்டியைத் திரும்பக் காட்டப் போனேன். கட்டம் வந்தது. 'ஏன் மறைத்தீர்கள்?'

'பழுது' என்று அடித்தேன். அழித்தேன். 'தவறுதலாக' என்று அடித்தேன். அழித்தேன். என்ன எழுதினாலும் அவள் படிப்பாள். படிக்காமலும் இருப்பாள். இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை. அவளுக்குப் போன் போட்டு இந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லலாம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

காரணம் எழுதாமல் பெட்டி வெளியே வராது. பெட்டி வராமல் கடை இல்லை. மத்தியானத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒரு வரி எழுத வரவில்லை. இந்த நோட்டில் மட்டும் இவ்வளவு எழுத வருகிறது.